மூப்பர் போட்ட கையெழுத்து

பல்லாவரத்தில் தொடங்கி தாம்பரம் தாண்டி வண்டலூர் வரை, ஜி.எஸ்.டி. சாலையோரம் எந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையின் பாஸ்டரேட் கமிட்டியில் போய் உட்கார்ந்தாலும் சரி, ஒரு தகராறு வந்தால் போதும், யார் எந்தச் சீமைக்காரர் என்று தெரிந்துவிடும். ரயில்வே, விமானப்படை, சானடோரியம் ஆஸ்பத்திரி, குரோம்பேட்டை தோல் கம்பெனி, பிற்பாடு மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் என்று பிழைப்புக்கு வந்து மனை வாங்கித் தங்கிவிட்டவர்கள்தான் பெரும்பாலும். திருநெல்வேலிக்காரர் என்னை "ஐயரே" என்பார். நாகர்கோவில்காரருக்கு நான் "போதகர்". ராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கத்தவர் "ஆயரையா" என்பார். சென்னையிலேயே பிறந்த பையன்களுக்கு "பாஸ்டர்". பிரச்சினை முற்றினால் முதலாமவர், "பேராயருக்கு எழுதிக் கேட்டுருவோமே" என்பார். நாகர்கோவில்காரர் விடமாட்டார்: "எதுக்கு? சபைக் கூட்டத்துல வச்சுக் கை தூக்கச் சொல்லுங்க." வேலூர்க்காரர் எல்லாரும் பேசி ஓயும்வரை பொறுத்திருந்து, "மூப்பருங்க நாலு பேர் தனியா உக்காந்து பேசட்டுங்களே" என்பார்.

மூவரும் சொந்தப் புத்தியில் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் முதலாமவரின் வாயில் பேசுவது ஆங்கிலிக்கன் சபை. இரண்டாமவரிடம் இருப்பது லண்டன் மிஷன் கொண்டுவந்த காங்கிரிகேஷனல் பழக்கம். அதில் கூடியிருக்கும் சபைக்கு மேலே அதிகாரம் கிடையாது. மூன்றாமவரோ ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கிய ஆர்க்காடு மிஷன் வழி வந்தவர். அவருக்குத் தாய்ச்சபை அமெரிக்காவின் ரிஃபார்ம்டு சபை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் இவர்கள் எல்லாரும் ஒரே சபையாகிவிட்டதாகப் பத்திரம் சொல்கிறது. தாம்பரத்தில் அந்த இணைப்புப் பேச்சுவார்த்தை மாதம் ஒரு முறை, ஞாயிறு ஆராதனை முடிந்து டீயும் பிஸ்கட்டும் வந்தபின், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. ஆயராக என் ஊழியத்தின் நல்ல பாதி அந்த மேசைக்குத் தலைமை தாங்குவதில் கழிந்தது.

நான் நான்காவது வகை. செங்கல்பட்டுக்கு அருகே ஒரு ஸ்காட்டிஷ் மிஷன் கிராமம் எங்களுடையது. அந்த வட்டாரத்தில் ஸ்காட்லாந்தின் தடம் இன்னும் அழியவில்லை. செங்கல்பட்டில் செயின்ட் கொலம்பா பள்ளி இருக்கிறது, காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி இருக்கிறது. சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அருகே மெல்ரோசாபுரம் என்றொரு கிராமம், மெல்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து ஊரின் பெயரைச் சுமந்து நிற்கிறது. என் தாத்தா எங்கள் கிராமச் சபையில் மூப்பர். திருவிருந்துக்கு முந்தின வாரம் அவர் வீடு வீடாகப் போவார். வினாவிடையில் இரண்டு கேள்வி கேட்பார். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லையென்றால் இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைப்பார். அவர் தெருமுனையில் வருவது தெரிந்தாலே வீட்டில் பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள் என்று அப்பா சொல்வார். ஸ்காட்லாந்தில் இதற்கு ஈயத்தில் ஒரு வில்லையே வார்த்து வைத்திருந்தார்கள். மூப்பர் விசாரித்துத் திருப்திப்பட்டால் வில்லையைக் கொடுப்பார். அதைக் காட்டினால்தான் திருவிருந்து மேசை.

இதைச் சொல்லும்போதெல்லாம் இளைஞர்கள் முகம் சுளிப்பார்கள். "போலீஸ் மாதிரி இருக்கே பாஸ்டர்?" இருந்திருக்கலாம். அவர்கள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: அந்தப் போலீஸ்காரரை யார் விசாரித்தது?

பிரெஸ்பிட்டேரியன் ஆளுகையில் பேராயர் கிடையாது. உள்ளூர் மூப்பர்களும் போதகரும் சேர்ந்த செஷன், அதற்கு மேலே பல சபைகளுக்கான பிரெஸ்பிட்டரி, அதற்கு மேலே சினாடு, உச்சியில் பொதுச்சபை. எல்லாப் படியிலும் போதகருக்கு ஒரு ஓட்டு, மூப்பருக்கும் ஒரு ஓட்டு. கீழே தோற்றவர் மேலே அப்பீல் போகலாம். சரி, மேலே இருப்பவர்கள் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது? வேதத்தை வைத்து என்று சட்டென்று சொல்லிவிடலாம். வாதியும் பிரதிவாதியும் வசனத்தோடுதான் வருவார்கள். வசனம் இல்லாத கட்சியை நான் இதுவரை பார்த்ததில்லை. ஆகவே வேதத்தை நாங்கள் இப்படித்தான் வாசிக்கிறோம் என்று எல்லாரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு எழுத்து வேண்டியிருந்தது. அதுதான் விசுவாச அறிக்கை. ஸ்காட்லாந்துக்கு அது வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. 1643-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவே இங்கிலாந்துப் பாராளுமன்றம் கூட்டிய இறையியலாளர் மன்றம் எழுதி, 1646-இல் முடித்தது, 33 அதிகாரங்கள். மறு ஆண்டே ஸ்காட்லாந்துப் பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. எழுதவைத்த இங்கிலாந்து, அரசர் திரும்பி வந்ததும் அதைக் கைவிட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே 107 கேள்விகள் கொண்ட சிறு வினாவிடை. என் தாத்தா திண்ணையில் கேட்ட கேள்விகளுக்கு வேர் அங்கேதான்.

இதில் நான் பல வருஷம் கழித்தே கவனித்த சங்கதி, கையெழுத்து யார் போடவேண்டும் என்பது. சாதாரணச் சபையார் 33 அதிகாரத்துக்கும் கையெழுத்துப் போடவேண்டியதில்லை. கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன் என்று சபைமுன் சொன்னால் போதும். போதகரும் மூப்பரும்தான் அறிக்கையை ஏற்பதாகக் கையெழுத்திட்டார்கள். கயிறு ஆட்டின் கழுத்தில் அல்ல, மேய்ப்பன் இடுப்பில். எழுத்தறிவில்லாத ஒரு கூலிக்காரரும் பிரெஸ்பிட்டரிமுன் நின்று, "ஐயா நேத்து பிரசங்கத்தில் சொன்னது நீங்க கையெழுத்துப் போட்டதுக்கு விரோதமா இருக்கு" என்று சொல்ல வழி இருந்தது. சொன்னார்களா என்பது வேறு கதை. வழி இருந்தது. அறிக்கையே தன் 31-ஆம் அதிகாரத்தில், சபை மன்றங்கள் தவறக்கூடியவை, பல தவறியும் இருக்கின்றன என்று எழுதிவைத்திருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்களைப் பற்றியே அப்படி எழுதிக்கொண்ட விதிப்புத்தகங்கள் அதிகம் இல்லை.

ஸ்காட்டிஷ் சபை சென்னைக்கு வந்த கதை பலருக்குத் தெரியும். எழும்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயம் 1821-இல் திறக்கப்பட்டது. 1837-இல் ஜான் ஆண்டர்சன் வந்து பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாகி, 1937-இல் எஸ்பிளனேடிலிருந்து தாம்பரம் காட்டுக்கு இடம் மாறியது. நடுவே 1843-இல் ஸ்காட்லாந்தில் சபை பிளந்தது. போதகரை நியமிக்கும் உரிமை நிலப்பிரபுவுக்கா சபைக்கா என்ற சண்டையில் 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறி ஃப்ரீ சர்ச் அமைத்தார்கள். இங்கே ஆண்டர்சனும் கூட்டாளிகளும் அவர்களோடு போனார்கள். எழும்பூர் ஆலயம் பழைய சபையோடு நின்றது. இரண்டு பக்கமும் ஒரே வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத்தான் கையில் வைத்திருந்தது. ஒரே அறிக்கை இருந்தால் ஒற்றுமை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் இதை நான் எடுத்துக்காட்டுவேன்.

அறிக்கை என்ன செய்யும் என்பது பளிச்சென்று தெரிந்தது 1904-இல். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1900 அக்டோபரில், ஃப்ரீ சர்ச் இன்னொரு பிரெஸ்பிட்டேரியன் சபையோடு இணைய முடிவு செய்திருந்தது. பொதுச்சபையில் ஆதரவு 643, எதிர்ப்பு 27. எதிர்த்த சிறுபான்மையினர், பெரும்பாலும் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர்கள், இணைய மறுத்து நீதிமன்றம் போனார்கள். அவர்கள் வாதம் எளிது: "1843-இல் இந்தச் சபையை நிறுவியவர்கள் இன்னின்ன உபதேசத்துக்காகச் சொத்தைக் கொடுத்தார்கள். அறிக்கையின் கடுமையை நீங்கள் தளர்த்திவிட்டீர்கள். அரசுக்குச் சமயக் கடமை உண்டு என்ற கொள்கையையும் கைவிட்டீர்கள். ஆகவே நாங்கள்தான் அந்தச் சபை." 1904 ஆகஸ்ட் 1 அன்று பிரபுக்கள் சபை ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் சிறுபான்மையினருக்குத் தீர்ப்பு வழங்கியது. நூற்றுக்கணக்கான ஆலயங்கள், இறையியல் கல்லூரிகள், வெளிநாட்டு மிஷன் சொத்துகள் எல்லாம் சட்டப்படி ஒரு கைப்பிடிப் பேருக்குப் போய்விட்டன. அவர்களால் அவ்வளவையும் நடத்தவே முடியாது. மறு ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, ஆணையம் வைத்து, யாரால் எதை நடத்த முடியுமோ அதன்படி பங்கிட்டது.

எஸ்பிளனேடில் கல்லூரியை நடத்திக்கொண்டிருந்த வில்லியம் மில்லருக்கு இது தூரத்துச் செய்தியாக இருந்திருக்க முடியாது. 1896-இல் அதே ஃப்ரீ சர்ச் பொதுச்சபையின் மாடரேட்டராக இருந்தவர் அவர். இறந்துபோனவர்கள் எழுதிய எழுத்து உயிரோடிருப்பவர்களின் கூரையை எடுத்துவிடும் என்று பார்த்த தலைமுறை, அடுத்து எழுதிய எல்லாவற்றிலும் ஒரு சாளரம் வைத்தது. 1908-இல் காங்கிரிகேஷனல் சபைகளும் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானபோது எழுதிய அறிக்கையைப் பாருங்கள்: 33 அதிகாரம் ஐந்து கூறாகச் சுருங்கிவிட்டது. இது மனிதர் எழுதியது, ஒவ்வொரு சொல்லுக்கும் யாரையும் கட்டிப்போடாது, சபை வேண்டும்போது திருத்திக்கொள்ளும் என்ற பொருளில் ஒரு குறிப்பும் சேர்ந்தது. நான்கு ஆண்டு முன்பு வடக்கே அமைந்த பிரெஸ்பிட்டேரியன் சபை 12 கூறுகளோடு நிறுத்திக்கொண்டு, வெஸ்ட்மின்ஸ்டர் முதலான தாய்ச்சபை அறிக்கைகளைப் போதிக்கத் தகுந்தவை என்று பாராட்டி ஒதுங்கியது. என் பூட்டனார் காலத்து மூப்பருக்கு 33 அதிகாரம், தாத்தா காலத்தில் ஐந்து கூறு, நான் அபிஷேகம் பெற்றபோது அப்போஸ்தலர் பிரமாணமும் நிசேயா பிரமாணமும் சி.எஸ்.ஐ. அரசியலமைப்பில் உள்ள விசுவாசப் பகுதியும். எங்கள் குடும்பத்திலேயே சபை வரலாறு இப்படி மெலிந்து வந்திருக்கிறது.

1947-இன் அரசியலமைப்பைக் குறைசொல்ல நான் தயங்குவேன். எழுதியவர்களில் பலர் கெட்டிக்காரர்கள். காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்த லெஸ்லி நியூபிகின், எடின்பரோ பிரெஸ்பிட்டரியில் அபிஷேகம் பெற்ற பிரெஸ்பிட்டேரியன். இணைப்புக்கு வாதாடி, மதுரை–ராமநாதபுரம் பேராயராகி, பிற்பாடு 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராக இருந்தவர். வேதமே தலையான அளவுகோல், இரண்டு பழம் பிரமாணங்கள் அதற்குச் சாட்சி, தேவைப்பட்டால் வேதத்துக்கு முரணாகாத துணை அறிக்கைகளை வெளியிடச் சபைக்கு அதிகாரம் உண்டு. இவ்வளவுதான். லூத்தரன் சபையார் இதற்குள் வராததற்கு, 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கைக்குப் பழகிய அவர்களுக்கு இது மெல்லிசாகப் பட்டது முக்கியக் காரணம். ஆங்கிலிக்கனுக்குப் பேராயர் கிடைத்தார், காங்கிரிகேஷனல்காரருக்குச் சபைக் கூட்டம் கிடைத்தது, பிரெஸ்பிட்டேரியனுக்கு 'மாடரேட்டர்', 'சினாடு', 'பிரெஸ்பிட்டர்' என்ற சொற்கள் எல்லாம் வந்துசேர்ந்தன. கையெழுத்து மட்டும் இளைத்துப்போனது. அபிஷேகத்தின்போது ஆயர் ஒப்புதல் சொல்கிறார். ஆனால் கமிட்டி மெம்பர்? மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலில் ஜெயித்து வருபவர். ஆயுள் முழுவதற்கும் அபிஷேகம் பெற்ற மூப்பரின் நாற்காலியில் அவர் உட்காருகிறார். மூப்பரைக் கட்டிய எதுவும் அவரைக் கட்டுவதில்லை.

இதன் விலை என்ன என்று எனக்குத் தெரிந்தது ஒரு வாக்காளர் பட்டியல் விவகாரத்தில். தாம்பரத்துக்குக் கிழக்கே நான் இருந்த ஒரு சபை. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் ஆன ஒரு சகோதரர் வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போய், அங்கே முழுக்கு ஞானஸ்நானம் மறுபடி எடுத்துவிட்டார். அதை மறைக்கவும் இல்லை. அடுத்த தேர்தலில் கமிட்டிக்கு நின்றார். எதிரணிக்கு வாய்ப்பு கிடைத்துவிட்டது. நான் அதைக் கமிட்டியில் உபதேசமாகவே எடுத்துப் பேச நினைத்தேன். ஞானஸ்நானம் ஒருவருக்கு ஒரே முறைதான் என்று வெஸ்ட்மின்ஸ்டர் 28-ஆம் அதிகாரம் சொல்கிறது, நம் சபையின் போதனையும் அதுவே, ஏன் அப்படி என்று அவரோடு உட்கார்ந்து பேசலாம் என்றேன். கமிட்டியில் ஒரு வழக்கறிஞர் இருந்தார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஐயா, அதெல்லாம் கோர்ட்ல நிக்காது. ஏழு மாசம் சந்தா பாக்கி இருக்கு பாருங்க, அது நிக்கும்."

சந்தா பாக்கியைக் காட்டி அவர் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. ரசீதுப் புத்தகம் சாட்சி. எல்லாருக்கும் நிம்மதி. அந்தச் சகோதரர் மட்டும் மறு நாள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "பணம் கட்டிடறேன் ஐயா, அது பெரிசில்ல. நான் ஏன் முழுகினேன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையே" என்றார். மூன்று மணி நேரம் பேசினோம். கடைசிவரை அவரும் மாறவில்லை, நானும் மாறவில்லை. அது கமிட்டியில் நடக்கவேண்டிய பேச்சு. தாத்தாவின் செஷன் அவரை ஒருவேளை இன்னும் கடுமையாக நடத்தியிருக்கும், ஆனால் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கும்.

அதன்பிறகு புறநகர்ச் சபைகளின் தகராறுகளைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன். காசு கொடுத்தால் ஆசீர்வாதம் பெருகும் என்று ஆலயப் பீடத்திலிருந்தே பிரசங்கித்த ஒருவர்மேல் புகார் வந்தது. அது உபதேசப் புகாராக வரவில்லை, கணக்குப் புகாராக வந்தது. நாட்டிலேயே பெரிதாகப் பேசப்பட்ட எங்கள் சினாட்டின் வழக்கும் இந்த ஜாதிதான்: 2022-இல் பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்கும் திருத்தம், மூன்றில் இரண்டு பங்கு பேராய மன்றங்கள் அதை ஒப்புக்கொண்டனவா என்ற சண்டை. திருத்தத்தைக் கீழே அனுப்பி ஒப்புதல் வாங்கவேண்டும் என்ற விதி நல்ல விதி. ஸ்காட்லாந்துப் பொதுச்சபை 1697-இலேயே, உபதேசம், ஆராதனை, ஆளுகை எதை மாற்றுவதானாலும் பிரெஸ்பிட்டரிகளைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு தடைச்சட்டம் போட்டுக்கொண்டது. அங்கே தடை முதலில் உபதேசத்துக்கு. இங்கே அதே ஏற்பாட்டை வைத்து வயதை அளந்துகொண்டிருக்கிறோம்.

பழைய அறிக்கையைத் தூக்கிப்பிடிக்கிறேன் என்று நினைக்கவேண்டாம். வெஸ்ட்மின்ஸ்டரின் 33 அதிகாரத்தில் சாதியைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1646-இன் லண்டனுக்கு அது தெரியக் காரணமும் இல்லை. ஆண்டர்சன் 1838-இல் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தபோது மற்ற பிள்ளைகள் கூண்டோடு போனார்கள், அவர் மசியவில்லை. அது அவருடைய மனசாட்சி. அறிக்கையில் அதற்கென்று ஒரு வாசகத்தைக் காட்டிக் கீழுள்ளவர் கேள்வி கேட்க முடியாது. தென்சென்னைப் புறநகரில் பாஸ்டரேட் தேர்தல் எந்த அடிப்படையில் அணி பிரிகிறது என்பதை யாரும் மினிட் புத்தகத்தில் எழுதமாட்டார்கள். எல்லாருக்கும் தெரியும். இந்த இடத்தில் வேலூர்க்காரரைச் சீண்டுவது எனக்குப் பிடிக்கும். அவர் தாய்ச்சபையான அமெரிக்க ரிஃபார்ம்டு சபை 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் மூன்று ஆவணங்களோடு நிற்காமல், 2010-இல் நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறிக்கு எதிராக அங்கிருந்த கலப்பினத்தார் சபை 1986-இல் ஏற்ற பெல்ஹார் அறிக்கை அது. இனப் பிரிவினையைச் சபைக்குள் நியாயப்படுத்துவது விசுவாசத்துக்கே விரோதம் என்பது அதன் சாரம். "அவங்க இனத்துக்கு எழுதினாங்க. நமக்கு சாதிக்கு எழுத யாரு தடுத்தா?" என்று அவரிடம் கேட்பேன். அரசியலமைப்பு அதிகாரம் தந்திருக்கிறதே. "எழுதலாங்க. யாரு முதல்ல கையெழுத்துப் போடறது?" என்பார்.

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு குரலை மறக்கமுடியாது. 1938 டிசம்பரில் கல்லூரி வளாகத்தில் சர்வதேச மிஷனரி மாநாடு நடந்தது. ஜான் மாட் தலைமை, உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள். அதை எதிர்கொள்ளத்தான் அதே ஆண்டு பி. செஞ்சையா, வி. சக்கரை முதலானோர் கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுசிந்தனை செய்வது பற்றிய தொகுப்பை வெளியிட்டார்கள். மேற்கின் சபை அமைப்பும் பிரமாணங்களும் நமக்கு எதற்கு, கிறிஸ்துவிடமே நேரே போவோம் என்பது அவர்கள் பக்கம். செஞ்சையா நீதிபதி, சக்கரை வழக்கறிஞர். ஆவணங்களிலேயே வாழ்ந்தவர்கள் ஆவணம் வேண்டாம் என்றது எனக்கு எப்போதும் வியப்பு. மாணவனாக இருந்தபோது அவர்கள் கட்சியில்தான் இருந்தேன். கமிட்டி நடத்த ஆரம்பித்தபின் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். நேரே கிறிஸ்துவிடம் போனவர்கள் கருத்து வேறுபட்டால் திரும்பிவந்து எந்த மேசையில் உட்காருவது என்பதற்கு அவர்கள் விடை சொல்லவில்லை.

என் கடைசிச் சபையில் ஒரு தாள் தயாரித்தேன். ஒரே பக்கம். இரண்டு பிரமாணங்களையும் ஏற்கிறேன், ஞானஸ்நானம் ஒருமுறைதான், திருவிருந்து மேசையில் சாதியில்லை, மேசைக்கு வெளியிலும் இல்லை, ஆயரின் போதனை இவற்றுக்கு முரணாகப் பட்டால் எந்த உறுப்பினரும் கமிட்டியில் கேட்கலாம், ஆயர் பதில் சொல்லவேண்டும். புதுக் கமிட்டி பொறுப்பேற்கும் ஞாயிறன்று சபைமுன் கையெழுத்திடச் சொல்லலாம் என்றேன். அந்தக் கமிட்டியிலும் இருந்த ஒரு வழக்கறிஞர், "விதியில் இடமில்லை ஐயா, யாராவது ரிட் போட்டா வம்பு" என்றார். சரி, கையெழுத்து வேண்டாம், ஆராதனையில் கேள்வியாகக் கேட்கிறேன், "ஆம்" என்று சொல்லுங்கள் என்றேன். அதற்குத் தடையில்லை. சாதி பற்றிய கேள்விக்கு வந்த "ஆம்" மற்றவற்றைவிடத் தாழ்ந்த குரலில் வந்தது. ஆனால் வந்தது.

அந்தத் தாளை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவர் திருநெல்வேலிக்காரர், என்மேல். சானடோரியம் பக்கத்தில் ஒரு வீட்டில் பிறந்து சில நாளான குழந்தை, ஞானஸ்நானம் கொடுப்பதற்கு முன்பே இறந்துபோனது. முழு அடக்க ஆராதனை நடத்தினேன். குழந்தை ஆண்டவரிடம் இருக்கிறது என்று கல்லறையில் சொன்னேன். அடுத்த கமிட்டியில் அவர் மரியாதையாக எழுந்தார். "ஐயரே, மனசு நோகாதீங்க. அவங்க துக்கத்துல நானும் நின்னேன். ஆனா பழைய ஜெபப் புத்தகத்துல ஞானஸ்நானம் வாங்காதவங்களுக்கு அடக்க ஆராதனை கிடையாது. நீங்க கல்லறையில சொன்னது இந்தத் தாள்ல எங்க இருக்கு?"

அவர் சொன்ன விதி 1662-இன் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் உண்மையிலேயே இருக்கிறது. நான் எங்கள் பக்கத்து வரலாற்றைச் சொன்னேன். வெஸ்ட்மின்ஸ்டரின் 10-ஆம் அதிகாரம், சிசுவாய் மரிப்பவர்களில் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இரட்சிக்கப்படுகிறார்கள் என்கிறது. அப்படியானால் மற்றவர்கள்? இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தாய்மார்களை அந்தக் கேள்வி வதைத்தது. 1879-இல் ஸ்காட்லாந்தின் யுனைடெட் பிரெஸ்பிட்டேரியன் சபை ஒரு விளக்கச் சட்டம் போட்டது: சிசுவாய் இறந்த எவரும் கெட்டுப்போனார் என்று நம்ப இந்த அறிக்கை யாரையும் கட்டாயப்படுத்தாது. 1892-இல் ஃப்ரீ சர்ச்சும் தன் பங்குக்கு ஒரு விளக்கச் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தைச் சகிக்காமல் ஒரு கூட்டம் பிரிந்தே போனது.

"அப்போ அந்த அதிகாரத்தைத் திருத்திட்டாங்களா?"

"இல்லை. மூலத்தைத் தொடாமல் பக்கத்தில் விளக்கம் எழுதினார்கள்."

"அது உங்க தாத்தா சபை ஐயரே. நம்ம தாள்ல?"

நாகர்கோவில்காரர், "ஓட்டுக்கு விட்டுருவோமா?" என்றார். யாரோ சிரித்தார்கள். வேலூர்க்காரர் வழக்கம்போலப் பொறுத்திருந்துவிட்டு, தாளில் ஒரு வரி சேர்க்கலாம், குறை கண்டவரே எழுதிவரட்டும் என்றார். தீர்மானமாகச் செயலாளர் எழுதிக்கொண்டார். திருநெல்வேலிக்காரர் ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். இரண்டு வரி எழுதிவந்தார்; குழந்தைகளைப் பற்றி நான் கல்லறையில் சொன்னதைவிடத் தெளிவாகவே இருந்தது. வழக்கறிஞர் ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றமுடியாது என்றுவிட்டார். அந்த ஒரு சொல்லுக்காக அன்று இரண்டு மணிவரை வாதாடினோம், சாப்பாடு ஆறிப்போனது. சந்தா பாக்கி அஜெண்டாவில் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது.